பியூஸ் கட்டையில் ஐந்து இழை

எங்கள் வீட்டில் கரண்டுப் பலகை இருந்த இடத்தைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அது வாசல் பக்கம் இல்லை, ஆண்கள் உட்கார்ந்து பேசும் முன்கூடத்திலும் இல்லை. பெண்கள் மட்டும் புழங்குகிற உள்கூடத்துச் சுவரில், என் மாமியாரின் கட்டிலுக்கு நேர் எதிரே இருந்தது. அந்நிய ஆண் நிழல் படக்கூடாத இடம் அது. ஊருக்குப் புதிதாகக் கரண்டு வந்த காலத்தில், கம்பெனிக்காரர்கள் கம்பத்தை எங்கள் வீட்டுப் பின் சந்தில் நட்டுவிட்டார்கள். கம்பி அந்த வழியாக உள்ளே வந்தது, பலகையும் அங்கேயே ஏறிவிட்டது. என் மாமனார் பரக்கத் அலி ராவுத்தர் அப்போது தோல் வியாபாரமாக மதராஸ் போயிருந்தாராம். திரும்பி வந்து பார்த்திருக்கிறார். மாற்றச் சொன்னால் தன் வீட்டில் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "அங்கதான் பத்திரம்" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு பதினைந்து வருஷம் அது அங்கேயே பத்திரமாக இருந்தது.

நான் ஆரிஃபா. ராவுத்தரின் இளைய மகன் அப்துல் மாலிக்கின் மனைவி. புத்தூரில் என் அத்தா வீட்டில் சிம்னி விளக்குதான். நத்ஹர்வலி தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, பொத்தானைத் தட்டினால் வெளிச்சம் வருகிறதே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நாலு மாதத்தில் அந்தக் குளிர்ச்சி இறங்கிவிட்டது.

பலகையில் ஒரு மீட்டர், நீளப் பிடி வைத்த ஒரு மெயின் ஸ்விட்ச், அதன் பக்கத்தில் பீங்கானில் ஒரு பியூஸ் கட்டை. கட்டைக்குள் மெல்லிய ஈயக்கம்பி ஒன்று ஓடும். வீடு தாங்குகிற அளவுக்கு மேல் கரண்டு இழுத்தால் அந்தக் கம்பி உருகி அறுந்துவிடும். அறுந்தால் விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்றுவிடும். அது நம்மைக் காப்பாற்றத்தான் அறுகிறது. ஆனால் கோடைகாலத்து மத்தியானத்தில், புழுங்கிச் சாகும்போது, அது யாருக்கு ஞாபகம் வரும்?

எங்களுடையது கோஷா வீடு, பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பியூஸ் போனால் முதலில் தோல் மண்டிக்கு ஆள் அனுப்ப வேண்டும். மாமனாரோ என் கணவரோ வர வேண்டும். பிறகு பாலக்கரைக்கு ஆள் போய் வயர்மேன் லூர்துவைக் கூட்டி வர வேண்டும். அவர் வருவதற்குள் நாங்கள் எல்லோரும் சமையல்கட்டுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிஷ வேலைக்கு நாலு மணி நேரம் வியர்வையில் குளிப்போம். எங்கள் தெருவில் எல்லா ராவுத்தர் வீடும் இப்படி இல்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் வயர்மேனுக்கு மோர் கொடுத்து விலைவாசி பேசுவார்கள். எங்கள் மாமனாருக்கு மார்க்கத்தைவிட மண்டியில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் பெரிது. இதை நான் இன்றைக்கு எழுதுகிறேன், அன்றைக்கு நினைக்கக்கூடப் பயந்தேன்.

யுத்தம் வந்ததும் பியூஸ் போவது அதிகமாகிவிட்டது. செய்தி கேட்க மாமனார் ரேடியோ வாங்கினார். நாத்தனார் நஜீமாவுக்கு நிக்காஹ் பேசி முடித்து, துணிமணிகளுக்காகக் கரண்டு இஸ்திரிப் பெட்டி வந்தது. விசிறி ஒன்று இருந்தது மூன்றாயிற்று. பழைய பலகை மட்டும் பழைய பலகையாகவே இருந்தது. "ராவுத்தரய்யா, இதை மாத்திடணும். இது நாலு விளக்குக்குப் போட்டது" என்று லூர்து ஒவ்வொரு தடவையும் சொல்வார். மாமனார் ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்" என்பார்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும், கூட நின்ற என் கணவர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். லூர்து வேலையை முடித்துச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் திரையை ஒட்டி நின்றேன். மாமியும் நஜீமாவும் சமையல்கட்டின் கோடியில் இருந்தார்கள், காதில் விழாது என்று நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"இதை நாங்களே போட்டுக்க முடியாதாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். திரையின் ஓட்டை வழியாக அவருடைய நரைத்த பிடரி தெரிந்தது.

"போடலாம்மா. பெரிய வித்தையில்ல. முதல்ல மெயின் பிடியை இறக்கிடணும். இறக்காம கை வச்சா உசிரு போயிடும். அப்புறம் கட்டையை இழுத்தா வந்துடும். ரெண்டு திருகாணி இருக்கு பாருங்க, அதுல கம்பியைச் சுத்தி இறுக்கணும். முடிச்சு போடக்கூடாது, சுத்தணும். யுத்தத்துல ஈயக்கம்பி கிடைக்கலைன்னா, பழைய விளக்கு வயரைப் பிரிச்சு அதுல ஒரே ஒரு செம்பு இழை. ஒண்ணுதாம்மா. அதுக்கு மேல போட்டா வீடே வெந்தாலும் பியூஸ் போகாது."

இவ்வளவுதான் நானும் அவரும் பேசியது. ஆனால் எங்கள் வீட்டில் இதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். எனக்கு முன் வந்த மூத்த மருமகள், பின் சந்தில் வந்த வளையல்காரரிடம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வளையல் போட்டுக்கொண்டாள். மாமனார் கண்ணில் பட்டுவிட்டது. அன்று சாயங்காலமே ஜட்கா வண்டியில் ஏற்றி, தொட்டியத்திலிருந்த அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளை இங்கேதான் இருக்கும் என்றார். பினாங்கில் கடை வைத்திருந்த மூத்த மகன், அத்தா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கடிதம் எழுதினார். ஆறு வருஷமாயிற்று. அவளுடைய மகளுக்கு நான்தான் தலை பின்னிவிடுகிறேன். அம்மா எங்கே என்று கேட்பதையே அந்தப் பிள்ளை நிறுத்திவிட்டது.

எனக்கும் ஒரு பிள்ளை, குத்புதீன். அப்போது அவனுக்கு மூன்றரை வயது.

அடுத்த தடவை பியூஸ் போனபோது, மாமி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் முக்காலி மேல் ஏறினேன். பிஸ்மில்லா சொல்லி, பிடியை இறக்கி, கட்டையை இழுத்து, பழைய வயரிலிருந்து ஓர் இழை எடுத்துச் சுற்றினேன். பிடியை ஏற்றியதும் விசிறி சுழன்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊரையே பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் இழை அறுந்தது. மறுபடி ஒன்று போட்டேன், அதுவும் அறுந்தது. மூன்றாம் தடவை எரிச்சலில் இரண்டு இழையைச் சேர்த்துச் சுற்றிவிட்டேன். ஒன்றுதான் என்று அவர் சொன்னது நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் போட்டேன். அதன்பிறகு மூன்று மாதம் பியூஸ் போகவே இல்லை.

1944 சித்திரையில், ஒரு மத்தியான வேளையில் தீப்பிடித்தது. அதற்கு முந்தின வாரம்தான் ரேடியோவுக்காக லூர்து புதிதாக ஒரு பிளக் வைத்துவிட்டுப் போயிருந்தார். நஜீமா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள், ரேடியோ பாடியது, மூன்று விசிறியும் ஓடின. பலகைக்கு மேலே வயர் போகிற மரச்சட்டம் முதலில் புகைந்தது. ஏதோ கருகுகிற வாசனை என்று நான் சமையல்கட்டிலிருந்து வருவதற்குள் தீ சட்டத்தோடு ஓடி, மாமி கட்டிலின் கொசுவலையைப் பிடித்துவிட்டது. கட்டிலில் குத்புதீன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் மெயின் பிடியை இறக்க ஓடினேன். மாமி பிள்ளையிடம் ஓடினாள். எரிகிற வலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, சுருட்டி, தரையில் போட்டு மிதித்தாள். பிள்ளைக்கு ஒரு முடி கருகவில்லை. மாமியின் இரண்டு உள்ளங்கையும் வெந்து போயின.

என் மாமியார் பெயர் ஷரபுன்னிசா. கடுகடுவென்று இருப்பாள், சிக்கனமாகப் பேசுவாள். மூத்தவளை அனுப்பியபோது ஒரு வார்த்தை குறுக்கே சொல்லாதவள் என்று அவள் மேல் எனக்கு உள்ளுக்குள் கோபம் உண்டு. அன்றைக்கு அவள் கையைப் பார்த்தபோது அந்தக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

மாமனார் மண்டியிலிருந்து வந்தார். கருகிய சுவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். யார் மேலாவது பழி போட்டாக வேண்டும். "அந்தப் பாலக்கரைக்காரன் வச்ச பிளக்குதான். குடிச்சிட்டு வந்து வேலை செஞ்சிருப்பான்" என்றார். லூர்து குடிக்கிறவர் இல்லை என்று தெருவுக்கே தெரியும். அன்றே கரண்டு ஆபீசுக்கு மனு எழுதினார். விசாரணை முடிகிறவரை லூர்துவின் லைசென்சை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மாமி அந்தக் கூடத்தில் படுத்த படுக்கையாக இருந்ததால் ஆபீஸ் ஆட்களை மாமனார் உள்ளே விடவில்லை. மாமிக்குக் கொஞ்சம் குணமானதும் பழைய பலகையைக் கழற்றி, முன்கூடத்தில் இரும்புப் பெட்டியோடு புதிய பலகை வைப்பது, கழற்றும்போதே சோதனையும் செய்துகொள்வது என்று முடிவாயிற்று. பதினைந்து வருஷமாக மாறாதது, வீடு எரிந்ததும் மாறப்போகிறது.

அந்த ஒரு மாதமும் அரிக்கேன் விளக்குதான். எதிர்ச் சுவரில் அந்தப் பீங்கான் கட்டை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. உள்ளே என் இரண்டு இழைகள். எடுத்துவிட்டால் தீர்ந்தது. யாருக்கும் தெரியாது. ஆனால் அப்புறம் பழி முழுக்க லூர்துவின் பிளக் மேல் போய் உட்கார்ந்துவிடும். எடுக்காமல் விட்டாலும், வயர்மேன்தான் வைத்தான் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அவர் தலைதான் உருண்டது. ஒருநாள் மனசு கேட்காமல் முக்காலியைப் போட்டு ஏறினேன்.

"அதைத் தொடாதே" என்று கட்டிலிலிருந்து மாமியின் குரல் வந்தது.

"இல்ல மாமி, தூசி தட்டலாம்னு..."

"தொடாதேன்னா தொடாதே. இருக்கிறபடி இருக்கட்டும்."

ஆபத்து என்று சொல்கிறாள் என நினைத்து இறங்கிவிட்டேன்.

இரண்டாவது வாரம் பின் சந்துக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். லூர்துவின் மனைவி, அமலராணி. ராவுத்தரய்யா இல்லாத நேரம் பார்த்து வந்திருந்தாள். மாமியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நாங்க செஞ்ச பாவம்னே வச்சுக்குங்கம்மா. ஆனா அவரு பிசகா வேலை செய்யறவரு இல்லீங்க. ஸ்ரீரங்கத்துல சித்திரை வீதியில பாதி வீட்டுக்கு அவருதான் வயர் இழுத்தாரு. இப்ப லைசென்சு இல்லேன்னு அய்யங்கார் வீட்டுல பாதி வேலையில நிறுத்திட்டாங்க. சோறு இறங்க மாட்டேங்குது அவருக்கு. என்ன நடந்துச்சுன்னு கேட்டா, ஒண்ணும் இல்லேன்னு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க ஒரு வார்த்தை அய்யாகிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

அவர் தன் மனைவியிடம்கூட என்னைப் பற்றிச் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நஜீமா உள்ளே எழுந்து போய்விட்டாள். நான் அமலராணியின் கையில் அரை மரக்கால் அரிசியைக் கட்டிக் கொடுத்தேன். உண்மையைக் கொடுக்க முடியாதவள் அரிசி கொடுத்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை என் கணவர் டீ குடிக்கும்போது, "அந்த லூர்து விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"அதை அத்தா பாத்துக்குவாங்க" என்றார். கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தி என்னிடம் பேசியதே இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அத்தா பார்த்துக்கொள்வார் என்று முப்பது வயதுவரை இருந்தவர்.

சோதனை நாள் வந்தது. காலை பத்து மணிக்குக் கரண்டு ஆபீசிலிருந்து மேஸ்திரி பிச்சைமுத்து புதிய இரும்புப் பெட்டியும் வயர்ச் சுருளுமாக வந்தார். லூர்துவையும் நேரில் நிறுத்த வேண்டும் என்று மாமனார் கேட்டிருந்தார். ஒரு மாதத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. நாங்கள் வழக்கம்போல் சமையல்கட்டில், திரைக்குப் பின்னால். நான், மாமி, நஜீமா, என் இடுப்பில் குத்புதீன்.

பிச்சைமுத்து முதலில் ரேடியோ பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். "இதுல குத்தம் இல்லீங்க. சுத்தமா செஞ்சிருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு பலகைக்கு வந்தார், பியூஸ் கட்டையை இழுத்தார்.

"அடப்பாவிகளா" என்றார்.

"என்ன?" என்றார் மாமனார்.

"செம்பு இழைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சு இழை! இதைப் போட்டா எந்தக் காலத்துல பியூஸ் போகும்? வயரு பூரா வெந்திருக்கு. யாருய்யா போட்டது இது?"

ஐந்தா? நான் போட்டது இரண்டு.

"வேற யாரு போடுவா? இவன்தான் போட்டிருப்பான்" என்று மாமனார் லூர்துவைக் காட்டினார். "பதினஞ்சு வருஷமா இந்தப் பலகையில இவன் ஒருத்தன்தான் கை வைக்கிறான். இந்தக் கூடத்துக்கு வேற ஆம்பளை வந்ததில்ல. சொல்லுடா, நீ போடல?"

லூர்து கட்டையை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நான் போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே யார் என்பதுதான். அவர் சுவரைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேஸ்திரி? பதில் இல்ல. எழுதிக்குங்க."

பிச்சைமுத்து தலையைச் சொறிந்தார். "ஒண்ணுதாங்க எனக்கு விளங்கல. ரெண்டு இழை ஒழுங்கா திருகாணியில சுத்தியிருக்கு. மத்த மூணும் முடிச்சு போட்டிருக்கு. பூத் தொடுக்கிற மாதிரி முடிச்சு. எந்த வயர்மேனும் முடிச்சு போட மாட்டான்."

நான் திரும்பிப் பார்த்தேன். நஜீமாவின் முகம் வெளுத்திருந்தது. உதடு துடித்தது. மாமி அவள் காலை ஓங்கி மிதித்தாள். மிதித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. லூர்து சுவரோடு பேசிய அன்று திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் மூன்று பேரும் முக்காலி ஏறியிருக்கிறோம். உள்ளே நான் போட்டிருந்த செம்பை வயர்மேன் வைத்தது என்று நினைத்து, இன்னொன்று கூட இருந்தால் இன்னும் கெட்டி, இனி பியூஸ் போகவே போகாது என்று மாமியும் நஜீமாவும் ஆளுக்கு ஆள் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்தத் தீ வந்திருக்காது. சொல்ல முடியாத வீடாக இருந்ததால் வந்தது.

பிச்சைமுத்து பென்சிலை எடுத்தார். குத்புதீன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். பேசினால் இந்தக் கை என் கழுத்தில் இருக்காது. பேசாவிட்டால் அந்த மனிதரின் சோறு போகும், பேரும் போகும். வாயைத் திறந்தேன்.

"லூர்து போடலீங்க. சுத்தியிருக்கிற ரெண்டும் நான் போட்டது."

மாமனார் மெதுவாகக் கேட்டார்: "யாரு பேசுறது?"

"நான்தான் மாமா. ஆரிஃபா. எப்படிப் போடணும்னு நான்தான் அவங்களைக் கேட்டேன். ஒண்ணுதான் போடணும்னு சொன்னாங்க. நான் கேக்காம ரெண்டு போட்டேன்."

"அப்போ மீதி மூணு?" அவர் குரல் இன்னும் தணிந்தது. அதுதான் பயம். "மீதி மூணும் அவன் போட்டதா?"

நஜீமாவின் நிக்காஹ் அடுத்த மாதம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அஞ்சும் நான்தான் மாமா."

மாமனார் பிச்சைமுத்துவிடம் திரும்பினார். "மேஸ்திரி, இது உள்வீட்டுப் பேச்சு. நீங்க கேக்கல. அஞ்சு இழை இருந்துச்சு, வயர்மேன் வேலையில குறை, அவ்வளவுதான். அப்படியே எழுதுங்க."

"காதால கேட்டுட்டேனேங்க" என்றார் பிச்சைமுத்து சங்கடமாக. "ஆனா நான் கேட்டேன்னு சொன்னா ஆபீசுல எடுபடாது. எழுத்து கேப்பாங்க. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா லூர்து பொழைச்சுக்குவான்."

"என் வீட்டுப் பொம்பளைங்க கரண்டுல கை வச்சாங்கன்னு என் கையால எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு மண்டியில எவன் முகத்துல முழிக்கிறது?"

ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான். நஜீமாவின் கல்யாணச் சாமான் குறித்து வைத்திருந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அடுப்பு மேடையில் வைத்து எழுதினேன். 'ஐயா, எங்கள் வீட்டுப் பியூஸ் கட்டையில் செம்பு இழை வைத்தது வயர்மேன் லூர்து அல்ல. ஐந்து இழைகளையும் வைத்தவள்...'

"பொய் எழுதாதே" என்று மாமி என் காதோரம் சொன்னாள். "ரெண்டுன்னா ரெண்டுன்னு எழுது. மூணு நான். ஷரபுன்னிசான்னு போடு."

நஜீமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்றில் ஒன்றாவது அவளுடையது. மாமி அதையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்படியே எழுதினேன். என் பெயரைப் போட்டேன். மாமிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைக்கப் பெருவிரலில் தோலும் இல்லை. அவள் பெயரை நானே எழுதினேன்.

தாள் கிழிகிற சத்தமும் பென்சில் சத்தமும் மாமனாருக்குக் கேட்டிருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஆரிஃபா, அந்தக் காகிதம் இந்தத் திரையைத் தாண்டினா நீயும் இந்த வீட்டைத் தாண்டிட்டே. பிள்ளை இங்கதான் இருக்கும். யோசிச்சுக்க."

யோசிக்க என்ன இருந்தது? யோசித்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். ஆனாலும் கால் எழவில்லை. மகனின் பிடரியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அப்போது மாமி என் முன்னால் வந்து, கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் நீட்டினாள். எனக்குப் புரியவில்லை. "வையி" என்றாள். தாளை அந்த இரண்டு துணிக் கட்டுகளுக்கும் நடுவில் வைத்தேன். அவள் மணிக்கட்டுகளை நெருக்கிப் பிடித்துக்கொண்டாள். தலையில் முக்காட்டை இழுத்துவிடக் கை இல்லை. நான் இழுத்துவிட்டேன். தோளால் திரையை விலக்கிக்கொண்டு, அந்நிய ஆண்கள் இருவர் நின்ற கூடத்துக்கு, நிக்காஹ் ஆகி முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, என் மாமியார் வெளியே போனாள். மாமனாரைத் தாண்டிப் போய் பிச்சைமுத்துவிடம் கைகளை நீட்டினாள். அவர் பதறிப்போய் இரண்டு கையாலும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். லூர்து தலையைக் குனிந்துகொண்டார்.

"இவரு மேல பிசகு இல்ல" என்றாள் மாமி. "மூணு நான் போட்டது. மருமக ரெண்டு. இவரு ஒண்ணுதான்னு சொன்னதை நானும் காதால கேட்டேன். ஒரு மாசமா இவரு சோத்துல மண்ணைப் போட்டுட்டு நான் கட்டில்ல படுத்துக் கிடந்தேன்."

மாமனார் முகம் இருண்டு போயிருந்தது. யாரையும் பார்க்காமல், "மாலிக், போயி ஒரு ஜட்கா கூட்டிட்டு வா" என்றார்.

என் கணவர் அதுவரை தூணில் சாய்ந்து நின்றிருந்தார். அத்தா சொன்னதும் வழக்கம்போல் வாசலுக்கு இரண்டு அடி வைத்தார். பிறகு நின்றார். அம்மாவின் கையைப் பார்த்தார். அவர் கேட்டது சண்டை போடுகிற குரலில் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"ஜட்கா யாருக்கு அத்தா? அம்மாவுக்கா, ஆரிஃபாவுக்கா?"

மாமனார் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மூத்தவளை அனுப்பியபோது இந்த வீட்டில் ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் நெஞ்சில் அன்றைக்குத்தான் குத்தியது. பிச்சைமுத்து, "வேலையை ஆரம்பிக்கலாங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிய இரும்புப் பெட்டியை முன்கூடத்தில் மாட்ட, பிச்சைமுத்து கூப்பிடாமலே லூர்துதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

லைசென்ஸ் திரும்பிவர நாலு மாதம் ஆயிற்று. ஸ்ரீரங்கத்து அய்யங்கார் வீட்டு வேலையை அதற்குள் வேறொருவர் முடித்துவிட்டாராம். மாமியின் விரல்கள் முழுசாக விரியவில்லை. பெட்டியின் சாவியை மாமனார் இடுப்பில் வைத்திருக்கிறார். என்னிடம் அவர் பேசுவதில்லை. அனுப்பவும் இல்லை, அனுப்ப மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. தெருவில் ஜட்கா வருகிற சத்தம் கேட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நான் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தேடி ஓடுகிறேன்.